குள்ளம் தப்பில்லை, நீங்கள் வைத்த இடம்தான் தப்பு

தமிழ் நாளிதழ்களின் செய்தி ஆசிரியர்களுக்கும், ராத்திரி கண்விழித்துத் தலைப்பு போடும் உதவி ஆசிரியர்களுக்கும்,

காவிரிப் படுகையில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். வயது 46. உயரம் 122 சென்டிமீட்டர், அதாவது நாலு அடி. உயரத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். எப்படியும் நீங்கள் அதைத்தான் முதலில் போடுவீர்கள்.

எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பருவம் அலைந்து, சுற்றுவட்டார விவசாயிகளிடம் கேட்டு, வயல் வேலைச் சொற்களைத் தொகுத்தார்கள். நாற்றங்கால் தொடங்கி களத்துமேடு வரை 640 சொற்கள். சேடை என்றால் என்ன, பரம்பு எதற்கு அடிக்கிறார்கள், அண்டை வெட்டுவது எப்போது என்றெல்லாம் சொன்ன ஆளையும் ஊரையும் குறித்துவைத்து எழுதியிருக்கிறார்கள். பதினொரு பிள்ளைகள். நான் கூட நின்றேன், பிழை திருத்தினேன், அவ்வளவுதான். போன மாதம் அதை ஒரு சிறு நூலாக வெளியிட்டோம். உங்களில் ஒரு நாளிதழின் நிருபர் வந்திருந்தார். மறுநாள் காலை தலைப்பு: ‘குள்ள ஆசிரியையின் உயர்ந்த சாதனை’.

செய்திக்குள் போனால் என் உயரத்துக்கு மூன்று வரி. ‘மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது’ என்று ஒரு வரி. மாணவர்கள் என்னைச் செல்லமாக ‘குட்டி டீச்சர்’ என்று கூப்பிடுகிறார்களாம். யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நூலைப் பற்றி ஒன்றரை வரி. பிள்ளைகளின் பெயர் ஒன்றுகூட இல்லை. மேடைக்குப் பக்கத்துப் படியில் நான் உட்கார்ந்திருந்ததைப் படமெடுத்து, ‘எளிமையின் சின்னமாகப் படியில் அமர்ந்திருந்த ஆசிரியை’ என்று கீழே எழுதியிருந்தது. கால் மரத்துப்போனதால் உட்கார்ந்தேன். நாற்காலி கேட்டிருந்தேன், வரவில்லை.

அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்த உதவி ஆசிரியர் மரியாதையாகத்தான் பேசினார். “பாராட்டித்தானேம்மா போட்டிருக்கோம்?” என்றார். தலைப்பைச் சொன்னேன். “குள்ளம்னா கெட்ட வார்த்தையாம்மா? அகராதியிலேயே இருக்கே” என்றார். கொஞ்ச நேரம் பேசிய பிறகு, “சரிங்கம்மா, ஆன்லைன்ல மாத்திடறோம்” என்றார். மறுநாள் பார்த்தேன். சொன்னபடியே மாற்றியிருந்தார்கள்: ‘வளர்ச்சி குன்றிய ஆசிரியையின் உயர்ந்த சாதனை’.

இந்த மடல் அந்த இரண்டாவது தலைப்பால் வந்தது. முதலாவதோடு நின்றிருந்தால் வழக்கம்போல விட்டிருப்பேன்.

முதலில், அந்த உதவி ஆசிரியர் கேட்டது நியாயமான கேள்வி. குள்ளம் கெட்ட வார்த்தை இல்லை. அதை ஒழிக்கச் சொல்லி நான் எழுதவில்லை. உயரம் குறைவு என்பதைச் சொல்லத் தமிழில் இருக்கிற நேரான சொல் அது. எங்கள் ஆயா சாகும்வரை என்னைக் குள்ளச்சி என்றுதான் கூப்பிட்டார். எனக்கு ஏழு வயதில் தச்சரைக் கூப்பிட்டு, “எங்க குள்ளச்சிக்கு அடுப்படியில ஒண்ணு, கிணத்தடியில ஒண்ணு, ரெண்டு முக்காலி பண்ணு” என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் முக்காலி வந்தது. உங்கள் தலைப்புக்குப் பின்னால் நாற்காலிகூட வரவில்லை.

இனி இலக்கணம். தமிழாசிரியை என்பதால் பொறுத்துக்கொள்ளுங்கள், பரீட்சை வைக்க மாட்டேன்.

‘அந்த ஆசிரியை குள்ளமாக இருப்பார்’ என்பது ஒரு தகவல். ஆளைத் தெரியாதவருக்கு அடையாளம் சொல்கிற வாக்கியம். ‘குள்ள ஆசிரியை’ என்பது வேறு. அடைமொழியையும் பெயரையும் ஒட்டவைத்தால் அது பண்புத்தொகை. செந்தாமரை, வெண்டாமரை மாதிரி. தொகையாக்கினால் பெரும்பாலும் ஒரு வகையைச் சொல்கிறோம் என்று அர்த்தம். குள்ளநரி என்றால் உயரம் குறைந்த நரி என்று யாரும் நினைப்பதில்லை, அது அந்த விலங்கின் பெயராகவே ஆகிவிட்டது. எங்கள் பிள்ளைகளின் நூலில் குள்ளக்கார் இருக்கிறது, அது ஒரு நெல்லின் பெயர். செந்தாமரை என்று சொன்னால் வெண்டாமரையிலிருந்து பிரித்துக் காட்டுகிறோம். சரி, ‘குள்ள ஆசிரியை’ என்று போட்டு எந்த ஆசிரியையிடமிருந்து என்னைப் பிரித்தீர்கள்? ‘நெட்டை ஆசிரியர் ஓய்வு பெற்றார்’ என்று ஒரு நாளாவது தலைப்பு வந்திருக்கிறதா? எங்கள் பள்ளியில் ஆறடி இரண்டு அங்குலத்தில் ஒரு கணக்காசிரியர் இருக்கிறார். மாநில அளவில் விருது வாங்கினார். உங்கள் செய்தியில் அவர் வெறும் கணக்காசிரியர்.

அதாவது, சொல்லின் பொருளில் தகராறு இல்லை. அது வாக்கியத்தில் எங்கே உட்கார்கிறது என்பதில்தான் எல்லாமே. பெயருக்கு முன்னால், தலைப்பில், தொகையாக உட்கார்ந்துவிட்டால் பின்னால் வருகிற எதையும் அது விழுங்கிவிடும். 640 சொற்களையும் பதினொரு பிள்ளைகளையும் ஒரே ஓர் அடை விழுங்கியது.

இப்போது அந்த ‘வளர்ச்சி குன்றிய’. இது மரியாதையான சொல் என்று யாரோ உங்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். மரியாதை இருக்கட்டும், பொருளே தப்பு.

என் எலும்புகளுக்கு உள்ளதன் பெயர் அகோண்ட்ரோபிளாசியா. எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 என்ற மரபணுவில் ஏற்படும் ஒரு சின்ன மாற்றம். கை கால் நீள எலும்புகளின் நுனியில் குருத்தெலும்பு எலும்பாக மாறும் வேலை அதனால் மந்தமாகிவிடும். இது இன்ன மரபணு என்று 1994இல் கண்டுபிடித்தார்கள். எனக்கு அப்போது 15 வயது. அதுவரைக்கும், அதற்குப் பிறகும்கூட, எங்கள் தெருவில் ஒரே காரணம்தான்: என் அம்மா கிரகணத்தன்று வாசலுக்கு வந்துவிட்டார். இப்படிப் பிறப்பவர்களில் ஐந்தில் நான்கு பேர் சராசரி உயரமுள்ள அப்பா அம்மாவுக்குத்தான் பிறக்கிறார்கள், மரபணுவில் அந்த மாற்றம் புதிதாக வருகிறது. அப்பா ஐந்தடி ஒன்பது அங்குலம். அம்மாவுக்கு இதை நான் விளக்கிச் சொன்னபோது அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. கேட்டுவிட்டு, “அப்ப நான் வாசலுக்கு வந்தது இல்லையா?” என்று மட்டும் கேட்டார்.

என் உடம்பில் எது குட்டை, எது குட்டையில்லை என்று ஒரு நிருபரும் கேட்டதில்லை. மேற்கையும் தொடையும்தான் ரொம்பக் குட்டை. நடுவுடம்பு கிட்டத்தட்ட உங்களுடையதைப் போலத்தான். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது முதல்முறை பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. எழுந்து நின்றதும் எதிரே இருப்பவர் குரல் மாறும், ‘மேடம்’ போய் ‘ஏம்மா’ வரும். முழங்கை முழுதாக நீளாது. முதுகெலும்புக்குள் நரம்பு போகிற குழாய் குறுகலாக இருக்கும், அதனால் நாற்பது வயதுக்கு மேல் எனக்கு நின்றால் நடந்தால் கால் மரத்துப்போகிறது. உட்கார்ந்தால், குனிந்தால் சரியாகும். உங்கள் ‘எளிமையின் சின்னம்’ அதுதான்.

இதில் குன்றியது எது? என் அறிவு குன்றவில்லை. நான் வளர்ந்து முடித்துவிட்டேன், இதுதான் என் வளர்ச்சி. ‘வளர்ச்சி குன்றிய குழந்தைகள்’ என்று நீங்களே வேறு இடத்தில் எழுதுகிறீர்கள், அங்கன்வாடிச் செய்திகளில், சத்தான சோறு கிடைக்காத பிள்ளைகளைப் பற்றி. அந்தப் பொருளில் அது சரியான சொல். அந்த இடத்தில் இருக்கட்டும். இன்னொன்று, ‘மனவளர்ச்சி குன்றிய’ என்பதை ரொம்ப காலம் வாசித்துப் பழகிய கண்கள் நம்முடையவை. ‘வளர்ச்சி குன்றிய ஆசிரியை’ என்றால் பாதிப் பேர் முன்னால் ‘மன’ சேர்த்துத்தான் வாசிப்பார்கள். என்னிடம் பிள்ளையைப் படிக்க அனுப்பும் ஒரு தகப்பனார் அந்தத் தலைப்பைக் காட்டி, “ஏதும் உடம்புக்கு முடியலையா டீச்சர்?” என்று கேட்டார். இப்போது சொல்லுங்கள், குள்ளம் எவ்வளவோ தேவலை அல்லவா?

‘குட்டி டீச்சர்’ விஷயத்துக்கு வருகிறேன். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். தமிழில் நீ, நீங்க என்று இரண்டு இருப்பதால் எனக்கு ஆங்கிலம் பேசும் ஊர்க்காரருக்கு இல்லாத ஒரு தொல்லை உண்டு. பஸ்ஸில் கண்டக்டர் என் தலைக்கு மேலாகப் பார்த்து, “பாப்பா, எங்க இறங்கணும்? கூட யாரு வந்திருக்கா?” என்பார். திரும்பி முகத்தைப் பார்த்ததும், நரைத்த முடியைப் பார்த்ததும் பாவம் திணறிப்போவார். வங்கியில், மருந்துக் கடையில், கோவிலில், எங்கே போனாலும் முதல் சொல் ‘நீ’. ஒருநாளைக்கு எத்தனை ‘நீ’யை ‘நீங்க’ ஆக்கியிருக்கிறேன் என்று எண்ணினால் அதுவே ஒரு தொகுப்பு நூல் ஆகும். அதற்காகத்தான் எப்போதும் சேலை கட்டுகிறேன், எல்லாவற்றையும் கத்தரித்துத் தைத்து. அப்படிச் சம்பாதித்த ‘நீங்க’வை உங்கள் ‘குட்டி’ ஒரே காலையில் அழித்தது. செய்தி வந்த வாரம் தேநீர்க் கடைப் பையன்கூட ‘குட்டி டீச்சர்’ என்றான்.

மாணவர்கள் பட்டப்பெயர் வைக்கவில்லையா என்றால், வைத்தார்கள். வைக்காமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். பல வருஷத்துக்கு முன் பத்தாம் வகுப்பில் நாலடியார் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சில் ஒருவன் பக்கத்தில் இருப்பவனிடம், “டேய், டீச்சர்தாண்டா நாலடியார்” என்றான். வகுப்பே சிரித்தது. நான் கணக்குப் போட்டேன். நாலு அடி, கூடவே ‘ஆர்’ விகுதி. அவன் என் உயரத்தைச் சரியாகச் சொல்லியிருக்கிறான், மரியாதையையும் விடவில்லை, பாடத்தையும் கவனித்திருக்கிறான். இன்றுவரை எனக்கு அதுதான் பெயர். பதினைந்து வயதுப் பையனுக்கு அரை நொடியில் வந்த நயம், ஒரு நாளிதழின் மொத்த ஆசிரியர் குழுவுக்கு வரவில்லையே என்பதுதான் வருத்தம்.

பரிசு கொடுக்கிறவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்ததும் ஒரே குறளைத்தான் சொல்கிறார்கள். உருவுகண்டு எள்ளாமை வேண்டும். என் வீட்டில் அது பொறித்த கேடயம் மூன்று இருக்கிறது. நல்ல குறள்தான், ஆனால் அச்சாணியாக இருந்து இருந்து அலுத்துப்போச்சு. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்த வடிவத்தின் பெயர். குறள் என்றாலே குட்டையானது. இரண்டே அடி, ஏழே சீர் என்பதால் அந்த வெண்பாவுக்கு அப்படிப் பெயர். அதே சொல்தான் உயரம் குறைந்த மனிதருக்கும். புறநானூற்றின் 28ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்குச் சொல்லும்போது, கூனும் குறளும் ஊமும் செவிடும் என்று எட்டுப் பிறவிகளை அடுக்கி எச்சம், அதாவது குறைப்பிறவி, என்கிறார். கலித்தொகையில் கூனியும் குறளனும் ஒருவரையொருவர் கேலி செய்துகொள்ளும் பாட்டே இருக்கிறது. பாட்டுக்கு வைத்தபோது அந்தச் சொல் தலைக்கு மேல் ஏறியது, ஆளுக்கு வைத்தபோது எச்சமாகவும் கேலியாகவும் போனது. ஒரே சொல். சங்கப் புலவர்களோடு நான் சண்டைக்குப் போகப்போவதில்லை, அவர்கள் காலம் வேறு. நீங்கள் நேற்று இரவு தலைப்பு போட்டவர்கள்.

உங்கள் சிறுவர் இணைப்பில் போன ஆண்டு ‘கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே’ என்ற பழமொழியைப் படத்தோடு போட்டிருந்தீர்கள். அந்தப் பழமொழியில் ஒரு சத்தும் இல்லை. கள்ளனுக்குக் குள்ளன் எதுகை, அதுதான் மொத்த ஆதாரம். நெட்டையனுக்கு வசமாக ஓர் எதுகை மாட்டியிருந்தால் இன்றைக்கு அவர்கள் உங்களுக்கு மடல் எழுதிக்கொண்டிருப்பார்கள். அந்த வாரம் என் வகுப்பில் ஒரு பிள்ளை அதை வெட்டி ஒட்டிய கட்டுரை நோட்டைத் திருத்தக் கொடுத்தது. கொடுத்த பிறகுதான் அதற்கே உறைத்தது போல. முகம் செத்துப்போய்விட்டது. ‘மிக நன்று’ போட்டுக் கொடுத்தேன், வேறென்ன செய்ய? எழுத்துப் பிழை இல்லை.

இதே உங்கள் பத்திரிகையின் வேளாண் பக்கத்தைப் புரட்டினால் குட்டைக்கு என்ன மரியாதை! குட்டை ரகத் தென்னை, குட்டை ரக நெல். 1966இல் பிலிப்பைன்ஸிலிருந்து ஐ.ஆர். 8 என்ற நெல் வந்தது. குட்டையான தாள், அதனால் உரத்தைப் போட்டாலும் காற்றடித்தாலும் கதிர் கனத்துச் சாயாது. எங்கள் தொகுப்புக்குச் சொல் கொடுத்த பெரியவர் ஒருவர், “அதுக்கு முன்னாடி வெளைஞ்சதுல பாதி படுத்துக்கும்” என்று பிள்ளைகளிடம் சொன்னார். அங்கே குட்டை என்பது பயன், காரணம் எல்லாவற்றோடும் வருகிறது. எதற்காக அந்த அடை என்று வாசகருக்குத் தெரிகிறது. புளூட்டோவை 2006இல் கோள் பட்டியலிலிருந்து எடுத்தபோதுகூட அப்படித்தான், குறுங்கோள் என்பதற்கு விளக்கம் கொடுத்தீர்கள். மனிதர் என்று வந்தால் மட்டும் அடை இருக்கும், காரணம் இருக்காது.

உயரமே செய்தியாக இருக்கும் இடங்கள் உண்டு, அதை மறுக்கவில்லை. நாக்பூரின் ஜோதி ஆம்கே 2011இல், உயிரோடு இருக்கும் பெண்களில் உலகிலேயே மிகக் குட்டையானவர் என்று கின்னஸில் பதிவானார், 62.8 சென்டிமீட்டர். அதை எழுதும்போது உயரத்தை எழுதாமல் எப்படி எழுதுவது? அதுபோல மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் எங்களுக்குத் தனியாகப் பெயர் இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம்தான் நாலடி பத்து அங்குலம், அதாவது 147 சென்டிமீட்டர், அல்லது அதற்குக் கீழ் உள்ளவர்களைக் குள்ளத்தன்மை என்ற தலைப்பில் சேர்த்தது. நான் வேலைக்கு வந்த பிறகு வந்த சட்டம், எனக்கு வேலைக்கு உதவவில்லை, என் பின்னால் வருகிறவர்களுக்கு உதவும். அந்தச் சான்றிதழில் குள்ளத்தன்மை என்று எழுதியிருப்பதைப் பார்த்து எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. அங்கே அதற்கு வேலை இருக்கிறது.

மாற்ற முடியாது என்று சொல்லாதீர்கள். ஊனமுற்றோர் என்பது போய் மாற்றுத்திறனாளி வந்ததும் நீங்கள் மாறினீர்கள். திருநங்கை என்ற சொல் வந்ததும் மாறினீர்கள். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், மாற்றுத்திறனாளிகளைத் திரைப்படங்களில் எப்படிக் காட்ட வேண்டும், எந்தச் சொற்கள் அவர்களை இழிவாக்கும் என்று சொன்னபோது அதைச் செய்தியாகப் போட்டீர்கள். சினிமாக்காரர்களுக்குச் சொன்னது செய்தி மேசைக்குப் பொருந்தாதா என்ன?

நான் கேட்பது இவ்வளவுதான்.

தலைப்பில் குள்ள, குட்டை, குண்டு, ஒல்லி என்று எந்த உடல் அடையும் ஆளின் பெயருக்கோ தொழிலுக்கோ முன்னால் ஒட்டி வரக் கூடாது என்று உங்கள் நடைக் கையேட்டில் ஒரு வரி எழுதுங்கள். கையேடு இல்லாத அலுவலகங்களில் செய்தி மேசைச் சுவரில் ஒட்டுங்கள். உயரம் செய்திக்குத் தேவை என்றால் உள்ளே, தனி வாக்கியமாக, சம்பந்தப்பட்டவரைக் கேட்டுவிட்டு எழுதுங்கள். குள்ளமானவர் என்றே எழுதலாம், சென்டிமீட்டரிலும் எழுதலாம். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ‘வளர்ச்சி குன்றிய’ என்பதை ஊட்டச்சத்துச் செய்திகளுக்கு வெளியே எடுக்காதீர்கள். வளர்ந்த மனிதரைக் குட்டி, சுட்டி, சித்திரக்குள்ளர் என்று எழுதாதீர்கள், ஒருமையில் எழுதவே எழுதாதீர்கள். அந்தப் பழமொழியைச் சிறுவர் இணைப்பிலிருந்து நிரந்தரமாக எடுத்துவிடுங்கள்.

அப்புறம், எங்கள் செய்தி. இணையத்தில் இன்னும் அந்த இரண்டாவது தலைப்போடுதான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு, பதினொரு பிள்ளைகளின் பெயரையும் போட்டுத் திருத்தம் வெளியிடுங்கள். பட்டியலை வெளியீட்டன்றே உங்கள் நிருபரிடம் கொடுத்திருக்கிறேன், தொலைந்திருந்தால் மறுபடி அனுப்புகிறேன். தலைப்பையும் நானே எழுதிவைத்திருக்கிறேன்: ‘640 வயல் சொற்கள்: ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் தொகுப்பு’. எழுத்தை எண்ணிப் பார்த்தேன், உங்கள் இரண்டு பத்தி அகலத்தில் தாராளமாக அடங்கும்.

இப்படிக்கு,
நாலடியார்
(தமிழாசிரியை, அரசு மேல்நிலைப் பள்ளி)